ஒரு மணி நேரச் சூடு

டிரம் சுற்றுகிறது, கடகடவென்று சத்தம் வருகிறது, உள்ளே துணி எழும்பி எழும்பி விழுகிறது. சூடு மட்டும் இல்லை. லஸ்மினி நான்காவது தடவையாக டிரையரின் கதவைத் திறந்து மகளின் கம்பளிச் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். போட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே ஈரமாக இருந்தது.

"உனக்கு நோவு வர இன்னிக்குத்தானா நாள் பார்த்தே?" என்று அதனிடமே கேட்டாள். அது என்ன பதில் சொல்லும்?

மணி பன்னிரண்டரை. மூன்று மணிக்கு ஏஜென்சி வேன் வந்துவிடும். அந்த டிரம்முக்குள் கிடந்ததுதான் மகள் நிக்கேன் ஹாங்காங்குக்குக் கொண்டுபோகப் போகிற மொத்தத் துணியும். வீட்டு வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். இந்தோனேசியாவின் அந்தப் பிளிதார் ஊரில் பத்தொன்பது நாளாக மழை விடவில்லை. முந்தாநாள் துவைத்ததை வீட்டுக்குள் கொடி கட்டிப் போட்டும் காயாமல், புளித்த வாடை அடிக்கத் தொடங்கிவிட்டது. இன்று காலையில் நிக்கேன் அந்த மூட்டையை அம்மாவின் சைக்கிளில் கொண்டுவந்து வைத்து, "நீங்க வேலை பாக்குற லாண்டரியில காய வெச்சுத் தர முடியுமா?" என்று கேட்டாள்.

கேட்பவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. லஸ்மினிக்கோ கை கால் ஓடவில்லை. மகளை ஐந்து வயதில் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு ஹாங்காங் போனவள் அவள். திரும்பி வந்தபோது பிள்ளைக்குப் பதினாறு. இந்த ஆறு வருடத்தில் நிக்கேன் அவளிடம் ஒரு தம்ளர் தண்ணீர்கூடக் கேட்டதில்லை. தன் துணியைத் தானே துவைப்பாள், தன் தட்டைத் தானே கழுவுவாள், விருந்தாளியிடம் பேசுவதுபோல் மரியாதையாகப் பேசுவாள். நாலு வார்த்தை திட்டினாலும் தேவலை என்றிருக்கும். அப்பேர்ப்பட்ட பெண் வாய் திறந்து கேட்ட முதல் உதவி இது. இதையும் செய்து கொடுக்காவிட்டால் அம்மா என்று ஒருத்தி எதற்கு?

லாண்டரிக் கடைக்காரி ஹெர்லினாவை எல்லோரும் 'இபு', அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் காலையிலிருந்து டிரையரின் காஸ் சிலிண்டரைத்தான் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் எது எரியாவிட்டாலும் முதல் பழி பச்சைச் சிலிண்டர் தலையில்தான் விழும். இரண்டு சிலிண்டரை மாற்றியாகிவிட்டது. காஸ் கடைக்காரனிடம் தெருவே வேடிக்கை பார்க்கிற மாதிரி ஒரு சண்டையும் போட்டாகிவிட்டது.

"பாதி தண்ணியை ஊத்தி விக்கிறான், படுபாவி!" என்று அவள் மேசையிலிருந்து கத்தினாள். "அக்கா, இன்னொண்ணு மாத்திப் பாருங்க!"

"சிலிண்டர் நல்லாத்தான் இருக்கு இபு. இதே சிலிண்டர்லதான இப்ப காபி போட்டுக் குடிச்சீங்க?"

லஸ்மினி தரையில் உட்கார்ந்தாள். உட்காரும்போது முட்டி இரண்டும் முனகின. டிரையரின் அடித்தகட்டைக் கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே பார்த்தாள். ஹாங்காங் வீட்டில் பதினோரு வருடம் காஸ் டிரையரோடு மல்லுக்கட்டியவள். அதன் குணம் அவளுக்குத் தெரியும். பற்றவைக்கிற குச்சி ஆரஞ்சு நிறத்தில் கனன்றது. 'குப்'பென்று நீலத் தீ பிடித்தது. ஆக, காஸ் வருகிறது, தீயும் பிடிக்கிறது. சரி, பிறகென்ன கேடு? பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நிமிடம் எரிந்தது, பட்டென்று அணைந்தது. வெகுநேரம் கழித்து மறுபடி பிடித்தது, மறுபடி அணைந்தது.

ரிப்பேர்காரர் கியாத்துக்குப் போன் போட்டாள். அவர் பக்கத்து ஊர் கெதிரியில், வெள்ளத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். நாளைக்குத்தான் வர முடியுமாம்.

"பின்னாடி ரெண்டு ஒயர் மாட்டின வட்டச் சில்லு ஒண்ணு இருக்கில்ல? அதைக் கழட்டிப் போட்டுட்டு ரெண்டு ஒயரையும் ஒண்ணா முறுக்கி விடுங்க அக்கா. அப்புறம் அணையவே அணையாது."

"சூடு மீறினா தீயை அணைக்கத்தானே அந்தச் சில்லு?"

"எல்லாக் கடையிலயும் இப்படித்தான் ஓடுது."

"எல்லாக் கடையும் இன்னும் எரியாம இருக்கே, அது ஆண்டவன் புண்ணியம், உன் புண்ணியம் இல்ல. வை போனை."

வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சில்லு அணைக்கிறது என்றால் சூடு மீறுகிறது என்று அர்த்தம். துணிக்குச் சூடு போகவில்லை, ஆனால் எங்கோ சூடு மீறுகிறது. காற்று போக வழியில்லாமல் முட்டி நிற்கிறது. பஞ்சு வடிகட்டியை உருவிப் பார்த்தாள்; சுத்தமாக இருந்தது. டிரையருக்கும் சுவருக்கும் நடுவே உடம்பைச் சொருகிக்கொண்டு பின்பக்கக் குழாயைத் தொட்டாள். டேப் ஒட்டிய இடமெல்லாம் வெந்நீர் ஆவி கசிந்தது. சுவர் வேர்த்து வழிந்தது. குழாயின் மறுமுனை சுவரைத் துளைத்துக்கொண்டு பின்சந்தில் போய் முடியும்.

மணி இரண்டு ஆகப்போகிறது, குடை தேட நேரமில்லை. பிளாஸ்டிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சந்துக்கு ஓடினாள். குழாயின் வாய்க்குள் ஒரு அரிசிச் சாக்கு, அடைக்கிற அடையில் கல்லாக இறுகி இருந்தது. மேலே சைக்கிள் டியூபால் நாலு சுற்றுக் கட்டு வேறு. எதிர்த் தாழ்வாரத்தில் ஐந்து பறவைக் கூண்டுகள் வரிசையாகத் தொங்கின.

யார் வேலை என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. அவள் டியூபை அறுத்துச் சாக்கை இழுக்கும்போதே எதிர்வீட்டுப் பெரியவர் பாக் துகிரான் கைலியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"கை வைக்காதே! சொல்லிட்டேன், கை வைக்காதே! உங்க சூடும் அந்த செண்டு நாத்தமும் நேரா இங்கதான் அடிக்குது. என் சோலைபாடி எட்டு நாளா வாயே திறக்கல. ஞாயித்துக்கிழமை பறவைப் பாட்டுப் போட்டி இருக்கு. ஊமைப் பறவையைத் தூக்கிட்டுப் போய் நான் அங்க என்ன, படமா காட்டுறது?"

"வந்து சொல்லியிருக்கலாம்ல பாக்?"

"மூணு தடவை சொன்னேன். உங்க முதலாளியம்மா, காதுல பஞ்சை வெச்சு அடைச்சுக்கச் சொல்றா, பறவைக்கு!"

ஹெர்லினா அப்படிச் சொல்லியிருப்பாள்தான். லஸ்மினிக்குச் சண்டை போடத் தெம்பில்லை. அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மழை கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"பாக், உள்ளே கிடக்கறது என் பொண்ணு துணி. மூணு மணிக்கு வேன் வந்துரும். ஒரே ஒரு மணி நேரம் குடுங்க. அப்புறம் சாக்கென்ன, சிமெண்டு போட்டு வேணும்னாலும் அடைச்சுக்குங்க."

"எந்த ஊருக்கு?"

"ஹாங்காங்."

துகிரான் கூண்டுகளைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய மனைவி அங்கே போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. அந்தப் பறவைகளெல்லாம் அவள் அனுப்பிய காசில் வாங்கியவை. வீட்டில் அவர் பேச்சுக்கொடுக்க அவற்றை விட்டால் நாதியில்லை.

"ஒரு மணி நேரம்னா ஒரு மணி நேரம்தான்," என்றார். "மூணு அடிச்சா நான் கேக்க மாட்டேன், அடைச்சிடுவேன்." கூண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துணி போர்த்தி, உள்ளே கொண்டுபோனார்.

சாக்கை உருவியதும் ஒரு தலையணை அளவுக்குப் பஞ்சு வெளியே கொட்டியது. லஸ்மினி கையை விட்டுத் துழாவி, எட்டிய மட்டும் வாரிப் போட்டுவிட்டு ஓடிவந்து பொத்தானை அழுத்தினாள். தீ பிடித்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து. அணையவில்லை. கதவுக் கண்ணாடி சுட்டது. அப்பாடா என்று அவள் சுவரில் சாய்ந்தாள்.

அந்த நிம்மதி ஹெர்லினா வந்து நிற்கும்வரைதான். அவள் இடுப்பில் ஒரு பெரிய கூடை. நிறைய வெள்ளைச் சாட்டின் நாற்காலி உறைகள், கல்யாணப் பந்தலுக்குப் போகவேண்டியவை.

"ஓடுதா? அல்ஹம்துலில்லா! அதை எடுத்துட்டு இதைப் போடுங்க அக்கா. நாலு மணிக்குப் பந்தல்காரன் வந்துருவான்."

"இது முடிஞ்சதும் போடறேன் இபு."

"மூணு மணிக்கு அந்தக் குருவிக்காரக் கிழவன் அடைச்சிடுவேன்னு கத்தினது எனக்கும் கேட்டுச்சு. ஒரு ஈடுக்குத்தான் நேரம் இருக்கு. வாடிக்கை துணி முதல்ல. உங்க சொந்தத் துணி அப்புறம்தான்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். நன்றாகவே தெரியும். லஸ்மினி எழுந்து டிரையரின் கதவுக்கு முன்னால் நின்றாள். குரலை உயர்த்தவில்லை, அவ்வளவு தெம்பு இருந்தால்தானே.

"பதினோரு வருஷம் வேற வீட்டுப் பிள்ளையோட துணியைத்தான் முதல்ல காய வெச்சேன் இபு. சாக்ஸை ஜோடி சேர்த்து, பனியன் ஈரமா இருக்கான்னு என் கன்னத்துல வெச்சுப் பார்த்து. என் பிள்ளை துணி காய்ஞ்சுதா இல்லையான்னு நான் பார்த்ததே இல்ல. இன்னிக்கு இதுதான் முதல்ல."

"அப்ப நாளையிலிருந்து வர வேணாம்!"

"சரி. நாளைக்கு வரலை. இன்னிக்கு இது காயட்டும்."

இந்த வருடத்தில் ஹெர்லினா அவளை வேலையை விட்டு நிறுத்துவது இது மூன்றாவது தடவை. ஆனால் முந்தைய இரண்டு தடவையும் லஸ்மினி மன்னிப்புக் கேட்டிருந்தாள். இந்தத் தடவை கேட்கவில்லை. ஹெர்லினா கூடையை டமாரென்று கீழே வைத்தாள். பிறகு, குருவிக்காரனிடம் இன்னொரு மணி நேரம் கேட்டு வாங்க வேண்டியதுதான் என்று முணுமுணுத்துக்கொண்டே பந்தல்காரனுக்குப் போன் போட்டு, ஐந்தரைக்கு வரச்சொல்லிக் கெஞ்சத் தொடங்கினாள்.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வேன் வந்து வாசலில் நின்றது. உள்ளே ஆறு பெண்கள். பயிற்சி நிலையத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். நிக்கேன் வெறும் பையோடு இறங்கி வந்தாள். லஸ்மினி மேசைமேல் துணிகளைக் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். மகள் எதிர்ப்பக்கம் நின்று தானும் மடித்தாள்.

"சுடுது," என்றாள் நிக்கேன்.

"கழுத்துப் பட்டியைத் தொட்டுப் பாரு. கடைசியா காயுற இடம் அதுதான். நீ போற வீட்டுலயும் இந்த மாதிரி டிரையர் இருக்கும். குழந்தைத் துணியை மத்ததோட சேர்க்காதே. ரொம்பச் சூட்டுல போடாதே, சுருங்கிடும். குழந்தை இருக்கில்ல அந்த வீட்டுல?"

"இருக்கு. பொண்ணு. மூணு வயசு."

டிரைவர் ஹாரன் அடித்தான். நிக்கேன் ஒரு சட்டையை மடித்துவிட்டு, அதை வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, அந்தப் பையன் பேரு என்ன?"

"எந்தப் பையன்?"

"நீங்க வளத்தீங்களே."

ஆறு வருடத்தில் அந்த வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை. லஸ்மினியும் சொன்னதில்லை. "லோக் ஹின்," என்றாள். சொல்லும்போதே எதையோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

"லோக் ஹின்," என்று நிக்கேன் சொல்லிப் பார்த்தாள். "பேரு தெரியாமலே திட்டிக்கிட்டு இருந்தேன். தினமும் தொழுதுட்டு, அவனுக்குக் காய்ச்சல் வரணும்னு வேண்டிக்குவேன். வந்தா உங்களுக்கு அலுத்துப்போய் திரும்பி வந்துருவீங்கன்னு. ஒருநாளும் பலிக்கல."

பொய் சொல்லியிருக்கலாம். லஸ்மினியால் முடியவில்லை.

"பலிச்சுது கண்ணு. அவனுக்கு அடிக்கடி காய்ச்சல் வரும். வந்தா ராத்திரி பூரா மடியிலயே போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். உனக்கும் அங்க சுடுதோன்னு நெனச்சுக்கிட்டே."

நிக்கேன் தலையைத் தூக்கவில்லை. சட்டையைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் சிக்கியது, அம்மா மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்ள மூடியது. ஹாரன் மறுபடி அலறியது. அவள் குனிந்து லஸ்மினியின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு, மழையில் ஓடிப்போய் வேனில் ஏறினாள். கதவை மூடப் போனவள் மூடாமல் தலையை நீட்டினாள்.

"அங்க எனக்குக் காய்ச்சல் வந்தா உங்களுக்குப் போன் பண்ணட்டுமா?"

"பண்ணு," என்றாள் லஸ்மினி. "எந்நேரமானாலும் பண்ணு." இரண்டாவது தடவை சொன்னபோது வேன் கிளம்பிவிட்டது.