கொப்பரையின் அடிக்கசடு

எலும்பையும் குளம்பையும் வேகவைத்துப் பசை காய்ச்சும் ஆலையில் எல்லோருக்கும் அவன் பசையண்ணன்தான். நாற்றம் பிடித்த வேலை. அதனாலேயே அவனுக்குப் பெண் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. உறவென்று மிச்சமிருந்தது அக்கா ஒருத்தி. அவளும் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த ஆலையில் பசை காய்ச்சும் கொப்பரையை அடிவரை வழிப்பதில்லை. பழையது கொஞ்சம் கிடந்தால்தான் புதுப் பசை இறுகும் என்று எண்பது வருஷமாக அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். புதிதாக வந்த மேனேஜருக்குச் சுத்தப் பைத்தியம், வழித்தெடுக்கச் சொல்லிவிட்டார். பசையண்ணன் உள்ளே இறங்கிச் சுரண்டினான். கறுப்பாக, காய்ந்த சளி மாதிரி வந்தது. நுனிநாக்கில் வைத்துப் பதம் பார்ப்பது அவனுக்கு இருபது வருஷப் பழக்கம். கை தானாக வாய்க்குப் போய்விட்டது. பாழாய்ப்போன பழக்கம், அன்றோடு அவனுக்குச் சாவு இல்லாமல் போயிற்று.

மறுநாள் கத்தி பட்டு விரல் பிளந்தது. ரத்தம் வரவில்லை, மஞ்சளாக ஏதோ கசிந்து தானே ஒட்டிக்கொண்டது. ஆலைக் கம்பவுண்டர் நாடி பிடித்துப் பார்த்தார்.

"துடிப்பே இல்லையேண்ணே. செத்துப்போயும் லீவு போடாம வந்துட்டீங்களா?"

சொல்லிச் சிரித்தவர், சிரிப்பு பாதியில் நிற்க, எழுந்துபோய் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

அந்த வாரமே கொதிகலன் வெடித்து அவன் மார்பில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. சாயங்காலத்துக்குள் அதுவும் மூடிக்கொண்டது. சோறு தொண்டையில் இறங்கவில்லை. வியர்வை பாகாக வடிந்தது. சட்டையைக் கழற்றினால் தோலும் கூடவே உரிந்து வந்து, மறுபடி வளர்ந்தது. ஈகூட அவன்மேல் உட்காரவில்லை.

இந்த லட்சணத்தில் எத்தனை நூறு வருஷம்? அதுவும் தனியாக? அக்காவாவது துணைக்கு இருக்கட்டும். மிச்சமிருந்த கசடை டானிக் பாட்டிலில் அடைத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினான்.

"புது மருந்துக்கா. ஒரு ஸ்பூன் போதும்."

"கசக்குமாடா?"

"கொஞ்சம்."

"நீ குடுத்தா விஷம்னாலும் குடிப்பேன்," என்று அவன் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். விட்டபோது அவன் கைப் பிசுக்கு நூல்நூலாக இழுத்துக்கொண்டு பிரிந்தது. அவள் முகம் சுளிக்கவில்லை. கைகளைப் போர்வைக்குள் விட்டுக்கொண்டு வாயைத் திறந்தாள்.

ஸ்பூனை நீட்டியவன் போர்வை அசைவதைப் பார்த்தான். தம்பிக்குத் தெரியக்கூடாதென்று, உள்ளங்கைகளைத் துணியில் தேய்தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இது அவள் உடம்புக்குள்ளேயே போய்விட்டால் எதில் துடைப்பாள்? தன்மேலேயே காறித் துப்பவேண்டும் போலிருந்தது அவனுக்கு. துப்ப எச்சில் இல்லை.

"வேணாங்கா. பாட்டில் மாறிப்போச்சு. இது வேற யாருக்கோ உள்ளது."

அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

"நல்லவேளைடா," என்றாள். "நாத்தம் தாங்கல."