பெயர் சொல்ல மறுத்த ஆண் நபர்

என் தங்கை வினிதாவுக்கு இரண்டாவது கல்யாணம். மாப்பிள்ளை அன்பு, குரோம்பேட்டையில் அவள் வேலை செய்யும் ஸ்கேன் சென்டரிலேயே வேலை செய்கிறவன். நல்ல மனுஷன். பதிவுத் திருமணம், சாயங்காலம் சின்னதாக ஒரு ரிசப்ஷன், அது போதும் என்றாள் வினிதா. பத்திரிகை மட்டும் நான்தான் அடிப்பேன் என்று அடம்பிடித்தேன். அப்பா போய் ஐந்து வருஷம் ஆகிறது. அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்தானே அழைக்க வேண்டும்? பிரஸ்காரர் பென்னி போனில் மாதிரி அனுப்பியிருந்தார். 'தெய்வத்திரு சுப்பராயலு அவர்களின் மகள்' என்று மேலே அப்பா பெயர். கீழே, 'தங்கள் வருகையை அன்புடன் எதிர்நோக்கும் சு. வெற்றிவேல்' என்று தங்க எழுத்தில் என் பெயர். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன், வெட்கங்கெட்டவன்.

பதிவாளர் அலுவலகத்தில் பழைய விவாகரத்துத் தீர்ப்பின் நகலைக் கேட்டார்கள், கோர்ட் முத்திரையோடு.

"நான் போய் வாங்கியாறேன், நீ எதுக்கு லீவு போடற?" என்றேன்.

"இல்லண்ணா, நானும் வரேன். அந்த ஆளு என்னைப் பத்தி அப்படி என்னதான் எழுதிக் குடுத்தான்னு ஒரு தடவை பாத்துடறேன்."

அந்த ஆள் தீனா, அவளுடைய முதல் புருஷன். பம்மலில் மாமியாரோடு ஒரே வீட்டில் இரண்டு வருஷம் இருந்தாள். தனி வீடு பார்க்கலாம் என்று தீனாவிடம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய், ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு முடிச்சூருக்கே வந்துவிட்டாள். அதற்கப்புறம் அவன் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை, இவளை ஒரு வார்த்தை கேட்காமலே கோர்ட்டில் முடித்துவிட்டான். இத்தனை வருஷமாக அவள் நம்பியிருப்பது இதைத்தான். அவள் அப்படி நம்பும்படி செய்தவன் நான்.

எங்களுடையது முடிச்சூரில் நிலம் வைத்திருந்த குடும்பம். மனை விலை ஏறியதும் பங்காளிக்குப் பங்காளி வழக்கு. நோட்டீஸ் கொண்டுவரும் கோர்ட் அமீனா தெருமுனையில் தலையைக் காட்டினாலே, "அவரு இல்லீங்களே" என்று சொல்ல எங்கள் வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். நோட்டீஸை வாங்காவிட்டால் வழக்கு நகராது, நகராவிட்டால் எதிராளி அலைந்து களைத்து ராசிக்கு வருவான். இப்படியே ஒரு வழக்கைப் பதினோரு வருஷம் இழுத்தவர் என் சித்தப்பா. அதனால் வினிதா பெயருக்கு அமீனா வந்தபோது நான் யோசிக்கவே இல்லை. டைவர்ஸ் கேட்கிறாயா, அலையுடா மவனே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, வாங்க முடியாது என்றேன். என் பெயரைக் கேட்டார். அதையும் சொல்லவில்லை. அவர் கதவில் ஒட்டிவிட்டுப் போன தாளைக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அவளும் அப்பாவும் அப்போது வீட்டில் இல்லை, நான்தான் என் கடையைத் திறக்காமல் வீட்டில் இருந்தேன். இரண்டு வருஷம் கழித்து அமீனா மறுபடி வந்தார், மறுபடியும் அதையே செய்தேன். ஆள் வராவிட்டால் வந்தவன் சொன்னதை வைத்தே கோர்ட் தீர்ப்பு எழுதிவிடும் என்று எனக்குத் தெரிய வந்தபோது, அப்பாவும் இல்லை, தீனாவுக்கு விவாகரத்தும் கிடைத்து வேறு கல்யாணமும் ஆகியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

செங்கல்பட்டு கோர்ட்டில் எங்களுக்கு உதவியவர் டெனிஸ் என்கிற வக்கீல் குமாஸ்தா. வழக்கு எண் எங்களுக்குத் தெரியாது. அவர் போனிலேயே கோர்ட் இணையதளத்தைத் திறந்து, இரண்டு பேர் பெயரையும் போட்டுத் தேடினார்.

"ரெண்டு கேஸு கீது மேடம். ரெண்டாயிரத்துப் பதினாறுல ஒண்ணு, பதினெட்டுல ஒண்ணு."

"ரெண்டா? எனக்கு ஒண்ணே தெரியாது," என்றாள் வினிதா.

"டைவர்ஸ் தீர்ப்பு மட்டும் போதும்ப்பா. பழசெல்லாம் எதுக்கு? பேஜாரு," என்று நான் அவசரமாக நுழைந்தேன்.

வினிதா என் பக்கம் திரும்பவே இல்லை. "ரெண்டுலயும் என்னென்ன இருக்கோ எல்லாத்துக்கும் நகல் போடுங்க சார்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல்யாண வேலை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

நகல் பிரிவுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து டெனிஸ் தாள்களைப் பிரித்து அடுக்கினார். மனு, அதோடு சேர்த்த ஆவணங்கள், அமீனாவின் அறிக்கை, தீர்ப்பு. ஒவ்வொன்றும் இரண்டிரண்டு. பதினாறாம் வருஷத்து மனுவை எடுத்து வினிதா படிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"சார், இது என்ன கேஸு?"

டெனிஸ் வாங்கிப் பார்த்தார். "இது டைவர்ஸ் இல்ல மேடம். உங்களைத் திரும்ப வந்து சேந்து வாழச் சொல்லி அவரு போட்ட கேஸு. நீங்க வரலைன்னதும் கோர்ட்டு போய் சேந்து வாழுங்கன்னு ஆர்டர் போட்டுச்சு. ஒரு வருசம் தாண்டியும் நீங்க போகல. அதையே காரணம் காட்டித்தான் ரெண்டாவது கேஸுல டைவர்ஸ் வாங்கிக்கினாரு."

"என்னைக் கூப்பிட்டானா?"

சத்தியமாக இது எனக்குத் தெரியாது. நான் கிழித்துப் போட்ட தாள் விவாகரத்துத் தாள் என்றுதான் ஒன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சில பேரு டைவர்ஸுக்கு வழி பண்ணிக்கவே இப்படிப் போடுவாங்க," என்றார் டெனிஸ்.

நான் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டேன். "பாத்தியா? எல்லாம் தந்திரம்."

வினிதா ஒரு தாளை என் மடியில் வைத்தாள். வாடகை ஒப்பந்தம். வண்டலூரில் ஒரு மாடி வீடு, தீனா பெயரில், அமீனா வந்ததற்கு ஒரு மாதம் முந்தைய தேதி. மனுவில் அவன் எழுதியிருந்ததை அவளே மெதுவாகப் படித்துக் காட்டினாள். 'எதிர்மனுதாரர் விரும்பியபடியே தனி வீடு எடுத்துள்ளேன். போனில் பேச முயன்றும் அவர் எண் மாற்றப்பட்டுள்ளது.' அந்தப் புது எண்ணை வாங்கிக் கொடுத்தவனும் நான்தான்.

அடுத்த தாள் அமீனாவின் அறிக்கை. 'வீட்டில் இருந்த ஆண் நபர் தன் பெயரைச் சொல்ல மறுத்து, அழைப்பாணையைப் பெறவும் மறுத்ததால் கதவில் ஒட்டிச் சார்பு செய்யப்பட்டது.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். "காலைல பதினொரு மணின்னு போட்டிருக்கு. நீ அந்நேரம் கடையில இருப்ப, இல்லண்ணா?"

"ம்," என்றேன்.

அந்த ஒரு எழுத்தைச் சொல்லிவிட்டு நான் குனிந்துகொண்டேன். அமீனாவுக்கே தெரியாத பெயரை யாரால் கண்டுபிடிக்க முடியும்? அன்றைக்குப் பெயர் சொல்லாமல் விட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்படக்கூடச் செய்தேன். இப்படிப்பட்ட பிறவி நான்.

தாம்பரம் போகும் மின்சார ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். கூடுவாஞ்சேரியில் அவள் பேச ஆரம்பித்தாள். எல்லாமே அப்பாவைப் பற்றி.

"சாகற வரைக்கும் வாரா வாரம், மாப்ள போன் பண்ணாரான்னு கேட்டாரேண்ணா. இவரே அமீனாவைத் தொரத்திட்டு, எப்படி என் மூஞ்சியைப் பாத்துக் கேட்டாரு? அவ்வளவும் நடிப்பா?"

அப்பா நடிக்கத் தெரியாத மனிதர். மருமகன் வருவான் என்று நிஜமாகவே நம்பிய ஒரே ஆள் எங்கள் வீட்டில் அவர்தான். நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரப்பாக்கம் தாண்டியது.

"பத்திரிகை பிரிண்டுக்குப் போயிடுச்சா?"

"நாளைக்குத்தான்."

"அப்பா பேரை எடுத்துடச் சொல்லு. இப்பவே சொல்லு."

"வினி, செத்தவரு பேரும்மா..."

"எடுக்கச் சொல்லு."

பென்னிக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். "சொல்லுண்ணா, இன்னா கரெக்‌ஷன்?" என்றார். அப்பாவின் பெயரை என் வாயால் எடுக்கச் சொல்ல வேண்டும். அவர் செய்யாத காரியத்துக்காக. போனை வைத்துவிட்டேன்.

வண்டலூரில் ரயில் நின்றது.

"அது அப்பா இல்ல வினி. நான்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. கத்துவாள், பெட்டியே திரும்பிப் பார்க்கும் என்று நினைத்தேன். அவள் குரல் உயரவே இல்லை.

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

"உள்ள என்ன இருந்துச்சுன்னு படிச்சியா?"

"இல்ல. டைவர்ஸுன்னு நெனச்சேன். நம்ம நிலக் கேஸு மாதிரி இழுத்தடிக்கலாம்னு..."

"நான் என்ன நிலமாண்ணா?"

ரயில் கிளம்பியது. அவள் நடைமேடையையும் அதற்குப் பின்னால் தெரிந்த மாடி வீடுகளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்றைக்கு அவளுக்கு அன்பு இருக்கிறான், தீனா வேண்டியதில்லை. ஆனால் தன்னை யாருமே வேண்டும் என்று கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் வாழ்ந்த வருஷங்களை நான் எங்கே போய் வாங்கிவர முடியும்?

பெருங்களத்தூரில் இறங்கி நடைமேடையில் நின்றோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு தாள்களை வரிசையாக அடுக்கிப் பைக்குள் வைத்தாள்.

"பிரஸ்காரருக்குப் போன் போடு."

போட்டேன்.

"அப்பா பேரு அப்படியே இருக்கட்டும்னு சொல்லு. உன் பேரை எடுத்துடச் சொல்லு."

சொன்னேன். பென்னிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னாண்ணா இது? அப்போ பத்திரிகையில யாரு கூப்பிடறதா போடறது?" என்று கேட்டார்.

அவருக்கு என்ன சொல்வது என்று வினிதாவைப் பார்த்தேன். அவள் படியேற ஆரம்பித்திருந்தாள்.

"பொண்ணே கூப்பிடறதா போடுங்க," என்றேன்.