குளவிக்கென்று வைத்த ஐந்து படம்

கொழும்புத்துறையில் இருந்த விலங்கியல் ஆசிரியர் மரியரட்ணத்துக்கு 1992இல் ஒரு பிலிம் றோல் கிடைத்தது. யாழ்ப்பாணத்துக்குள் பிலிமும் பற்றரியும் கொண்டுவர அரசாங்கத் தடை இருந்த யுத்தகாலம். கிளாலிக் கடலால் வந்த ஒருவர் பயணப்பையின் அடித்தையலுக்குள் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்தார். முப்பத்தாறு படம் எடுக்கலாம். முப்பத்தாறும் குளவிகளுக்குத்தான் என்று மாஸ்ரர் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

வேலிப் பூவரசில் பனங்காயளவில் ஒரு கூடு இருந்தது. வயிற்றில் மஞ்சள் பட்டை போட்ட பெரிய குளவிகள். கமராவின் லென்ஸைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் குளவியின் தாடைகூடத் தெரியும். ஆனால் ஒரு சாண் தூரத்துக்குள் போகவேண்டும், வெளிச்சமும் போதாது. அந்த வெளிச்சத்தைக் கொடுத்தவர் பக்கத்து வளவு யாகோப்பு. குருநகரில் வீடு குண்டுபட்டு எரிந்தபிறகு, மனைவி மக்டலீனோடும் ஏழு வயது மகளோடும் வந்து அங்கே கொட்டில் போட்டிருந்த கடற்றொழிலாளி. கடலுக்குப் போகாத காலைகளில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெயிலைக் கூட்டின்மேல் திருப்பிவிடுவார்.

"அசையாதையும் யாகோப்பு. மூச்சுவிட்டாலே அதுகளுக்குத் தெரிஞ்சிடும்."

"நான் கல்லு மாதிரி நிக்கிறன். நீங்கள் எடுங்கோ மாஸ்ரர்."

ஒருநாள் கழுத்தில் இரண்டு இடத்தில் கொட்டியும் அவர் கண்ணாடியை விடவில்லை. மாஸ்ரர் படத்தை எடுத்து முடித்த பிறகுதான் யாகோப்பு கடிவாயில் பூசச் சுண்ணாம்பு தேடி ஓடினார்.

ஆவணியில் யாகோப்பின் மகளுக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முறையாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளையை முன்னால் விட்டுக்கொண்டு, யாகோப்பும் மக்டலீனும் காலையிலேயே வேலியடிக்கு வந்தார்கள்.

"மாஸ்ரர், எங்கள் மூண்டு பேரையும் ஒரு படம். ஒண்டே ஒண்டு. கலியாணப் படமும் வீட்டோடை எரிஞ்சுபோச்சு."

கமராவில் ஐந்து படம் மிச்சமிருந்தது. கூட்டுவாசலில் இரண்டு குளவிகள் இரையைப் பங்கிடுவதைப் பிடிக்க மாஸ்ரர் பத்து நாளாகக் காத்திருந்தார்.

"பிலிம் முடிஞ்சுது யாகோப்பு."

"அதுக்கென்ன, இன்னொருக்கால் பாப்பம்." யாகோப்பு பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

பிலிம் முடிந்தது என்று சொன்னபிறகு மறுநாள் அவரைக் கூப்பிட முடியாது. மாஸ்ரர் கண்ணாடியைக் கிளையில் கட்டிவைத்து, மத்தியானத்துக்குள் ஐந்தையும் எடுத்து முடித்தார்.

மூன்று கிழமை கழித்துக் கடலுக்குப் போன யாகோப்பு திரும்பவில்லை. கடற்படையின் சூட்டுத் துளைகளோடு வள்ளம் மட்டும் கரையொதுங்கியது. எட்டாம் நாள் மக்டலீன் மாஸ்ரரிடம் வந்தாள்.

"பூசையிலை வைக்க அவரின்ரை முகம் ஒண்டு இல்லை. ஐடென்ரிக்காட்டும் அவரோடை போயிட்டுது. உங்கடை குளவிப் படங்களிலை எங்கையாவது பின்னாலை நிண்டிருப்பாரோ?"

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் மிஞ்சிக் கிடந்த மருந்தில் மாஸ்ரர் அன்றைக்கே பிலிமைக் கழுவினார். அடுத்தநாள் இருவரும் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். குளவியின் கண், தாடை, காலிலுள்ள மயிர், எல்லாம் துல்லியம். யாகோப்பு ஒன்றிலும் இல்லை.

மக்டலீன் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பறவாயில்லை மாஸ்ரர். அண்டைக்குப் பிலிம் இருந்திருந்தால் நீங்கள் எடுத்துத் தந்திருப்பியள். எங்கடை பலன் அவ்வளவுதான்."

மாஸ்ரரால் அதைத் தாங்க முடியவில்லை.

"இருந்தது மக்டலீன். அஞ்சு படம் இருந்தது."

அவள் விளங்காதவள்போலப் பார்த்தாள். பிறகு, "எது?" என்று கேட்டாள். அவர் கடைசி ஐந்தையும் காட்டினார். அவள் ஒவ்வொன்றிலும் விரலை வைத்து வைத்துப் பார்த்தாள்.

"உதை நீங்கள் எனக்குச் சொல்லாமலே விட்டிருக்கலாம். இவ்வளவு நாளும் எனக்கு நேவிக்காரரிலை மட்டுந்தான் கோவம்."

மன்னிப்புக் கேட்க அவர் வாயைத் திறந்தபோது அவள் படலையைத் தாண்டியிருந்தாள்.

முப்பத்தோராம் நாள் பூசையில் படத்துக்குப் பதிலாக யாகோப்பின் சேட்டொன்றை மடித்து வைத்திருந்தார்கள். மாஸ்ரர் கடைசி வாங்கில் இருந்தார். வெளியே வரும்போது பிள்ளை அவரைக் கண்டு சிரித்தது. மக்டலீன் அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்கி நடந்தாள்.