குறியில்லாத வெடி

கன்றுக்குட்டியின் கீழ்த்தாடை இருந்த இடத்தில் ரத்தமும் மக்காச்சோள மாவும் குழைந்து கிடக்கின்றன, என்னைப் பார்த்துக் கத்தப் பார்க்கிறது, கத்த வாய் இல்லை, பட்டப்பகலில் கண்ணை மூடினாலும் அது வந்து நிற்கிறது, நடந்ததா, கனவில் கண்டதா என்று தொழுவம் வரை போய் வெறுங்கயிற்றைத் தொட்டுப் பார்த்துத் திரும்புகிறேன், அதற்கு முந்தின வாரம்தான் மூன்றாம் முறையாக கலெக்டர் ஆபீசில் துப்பாக்கி லைசென்ஸ் தரும் அதிகாரியின் மேசை முன்னால் நின்றேன், என் வீட்டுக்காரர் இறந்ததும் ஸ்டேஷனில் ஒப்படைத்த ஒற்றைக்குழல் துப்பாக்கியை என் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி, பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி என்கிறார், பர்கூர் மலையடிவாரத்துல ஒத்தையில குடியிருக்கறனுங், கூப்பிட்டா போலீசு வர ஒன்றரை மணி நேரமாவுது, அதுவரைக்கும் எம்பட உசுர நான் பாத்துக்கறதுக்கு நான் எதுக்குங் காரணம் சொல்லோணும் என்கிறேன், அப்படின்னா நாளைக்கு ஆளாளுக்கு வெடிகுண்டு கேப்பாங்க, எங்கதாம்மா நிறுத்தறது என்று சிரிக்கிறார், பஸ்ஸில் வழி நெடுக அந்தக் கேள்வி என்னைக் குடைந்துகொண்டே வந்தது.

கன்றைக் கொன்றது என் கொழுந்தனார் மாரப்பன் காட்டுப்பன்றிக்கு வைத்த அவுட்டுக்காய், மாவுக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைப்பார்கள், கடித்தாலும் மிதித்தாலும் அரிவாள் பட்டாலும் வெடிக்கும், எம்பட காட்டுல நான் வெச்சேன், உங்க கன்னு ஏன் வந்துச்சு, துப்பாக்கி எதுக்குன்னு கவர்மெண்டு கேக்கப்படாதுன்னு ஊரெல்லாம் பேசறீங்க, என்னைக் கேக்க நீங்க யாருங் அண்ணி என்றார், கேள்வி நியாயமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொன்னேன், துப்பாக்கி வெச்சிருக்கறவன் பன்னியா மனுசனான்னு பாத்துட்டுக் கீழ எறக்கலாம், தப்பாச் சுட்டா நாந்தான் சுட்டேன்னு நிக்கலாம், இது நீங்க வூட்டுல சோறு திங்கறப்ப ஆருன்னு கேக்காம வெடிக்கும், காடு உங்களுது, அங்க புல்லறுக்க வர்ற பாவாத்தா கை உங்களுதா?

மிச்சம் வெச்சதையெல்லாம் எடுத்துருங்க என்றேன், எடுக்க மாட்டேன் என்றார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவர் சோளக்காட்டுக்குள் நடந்தேன், எத்தனை வைத்திருக்கிறார், எங்கெங்கே வைத்திருக்கிறார், எதுவும் தெரியாது, தாளை விலக்கி மண்ணைப் பார்த்துப் பார்த்து அடி வைக்கிறேன், நடுக்காட்டில் உட்கார்ந்தேன், பூராத்தையும் எடுத்துப்போட்டுச் சொல்லுங்க, எந்திரிக்கறேன், அவர் திட்டினார், அண்ணன் பேரைச் சொல்லிக் கெஞ்சினார், கடைசியில் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தொட்டித் தண்ணீரில் போட்டார், பதினொன்று, பதினொன்றாவதை நான் உட்கார்ந்த இடத்துக்கு ஒரு முழத்தில் எடுத்தார்.

மறுபடி ஆபீசுக்குப் போனபோது அதிகாரிக்குச் செய்தி எட்டியிருந்தது, கொழுந்தனார் மேல புகார் எழுதுங்கம்மா, உசுருக்கு ஆபத்துன்னு காட்டி லைசென்ஸ் உடனே தந்தர்றேன் என்று பேனாவை நீட்டுகிறார், அவரு கையாலயே எடுத்துட்டாருங், மறுக்கா வெச்சா நானே வந்து எழுதித் தாரேன், இன்னொருத்தரக் காட்டிக் குடுத்து வாங்கறதுக்கு இது என்னுங் சலுகையா என்கிறேன், எங்க நிறுத்தறதுன்னு கேட்டீங்களே, குறி பாக்க முடியாதது எதுவோ அங்க நிறுத்துங்க, என்னைய நிறுத்தாதீங்க, அவர் முகம் கறுத்தது, நிராகரிக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், மேல யாருகிட்டப் போகோணுங் என்றேன், சென்னைக்குத்தான் மனுப் போடணும், உங்களால அலைய முடியாதும்மா என்றார், காகிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டு, சென்னைக்கு மொதல் பஸ் எத்தன மணிக்குங் என்று அவரையே கேட்டேன்.