சுவர் குடித்த தண்ணீர்

குளியலறையை இடித்துக் கட்டுவது என்று முடிவானதும் கணக்காளர் முதலில் வாங்கியது கலர் பென்சில். வெந்நீர்க் குழாய்க்குச் சிவப்பு, பச்சைத்தண்ணீர்க் குழாய்க்கு நீலம். சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்து, எந்தச் சுவரில் ஷவர், குழாய் எங்கே வளைந்து எங்கே ஏறும் என்று அவர் கோடு போட்ட அழகைப் பார்த்து மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இவ்வளவு அக்கறையா என் மூஞ்சியக்கூடப் பார்த்ததில்ல நீங்க," என்றாள்.

குறை ஒன்றுதான். அந்தத் தெருவில் தண்ணீர் நூல் மாதிரி வரும். முறைப்படி பார்த்தால் அது முதலில் தரைத்தொட்டியில் விழவேண்டும். அங்கிருந்துதான் மோட்டார் இழுக்கவேண்டும். தொட்டி தோண்டினால் வண்டி நிறுத்துகிற இடம் போய்விடும். பிளம்பர் ஒரு வழி சொன்னார்.

"எதுக்கு சார் தொட்டி? மோட்டாரை நேரா தெருக்குழாய்லயே மாட்டிடலாம். ஷவரைத் திறந்தா தானா ஓடும். அருவி மாதிரி கொட்டும்."

"அது தப்பில்லையா?"

"தப்புதான். யாரு வந்து பார்க்கப் போறா? ஊரே பண்ணுது சார்."

"பக்கத்து வீட்டுக்கும் இதே குழாய்லேர்ந்துதானே பிரியுது?"

"அவங்களுக்கும் வரும். என்ன, கொஞ்சம் மெதுவா வரும்."

கணக்காளர் நல்ல மனிதர்தான். வரிசையில் ஒருவரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போகாதவர். ஆனால் 'ஊரே பண்ணுது' என்பதைக் கேட்டதும் எப்பேர்ப்பட்ட நல்லவனுக்கும் கொஞ்சம் தைரியம் வந்துவிடுகிறதே! நீலக் கோட்டின் மேல் ஒரு வட்டம் போட்டு, 'மோட்டார்' என்று எழுதினார்.

புதுக் குளியலறை பளபளவென்று வந்தது. ஷவர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. வீட்டில் எல்லோரையும்விட அதிக சந்தோஷம் குட்டிமாவுக்குத்தான். அவர்களுடைய ஒரே மகள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயது. ஷவருக்கு அடியில் நின்று வாயைத் திறந்து தண்ணீரைப் பிடித்துப் பிடித்துத் துப்புவாள்.

அவள்தான் முதலில் சொன்னாள். "அப்பா, சுவர் தண்ணி குடிக்குது."

காதை வைத்துக் கேட்டார். டைல்ஸுக்குப் பின்னால் மடக் மடக்கென்று ஒரு சத்தம். நடுவில் மூச்சை இழுப்பதுபோல ஒரு இழுப்பு. பிறகு மறுபடி மடக் மடக்.

"காத்து அடைச்சிருக்கும்டா," என்றார். சொன்னாரே தவிர, கை ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது.

அதற்குப் பிறகு தண்ணீரில் வாடை வர ஆரம்பித்தது. சில நாள் மருந்து வாடை. சில நாள் அதற்கும் அடியில் வேறொன்று, பல நாளாகப் படுக்கையில் கிடக்கும் உடம்பின் வாடை. ஒருநாள் வெள்ளை டைல்ஸ்மேல் நீளமாக ஒரு நரைமுடி ஒட்டிக் கிடந்தது. அந்த வீட்டில் யாருக்கும் நரை கிடையாது.

"இந்த வீட்ல என்னமோ இருக்குங்க," என்றாள் மனைவி. குட்டிமாவுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. டாக்டர் மாத்திரையை மாற்றிக்கொண்டே இருந்தார். பிள்ளை துணி மாதிரி துவண்டுபோனாள்.

கணக்காளருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சாயங்காலம், பக்கத்து வீட்டுத் தண்ணீரிலும் வாடை வருகிறதா என்று கேட்கப் போனார். அங்கே ஒரு அக்காவும், பக்கவாதத்தில் விழுந்த அவள் கணவரும் மட்டும்தான். கதவைத் திறந்த அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"வாங்க தம்பி. நானே யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்தேன். சொன்னா சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்கக்கா."

"எங்க வீட்ல ஏதோ வந்து தண்ணி குடிக்குது. அவரைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்குன்னு நினைக்கிறேன்."

பின்கட்டுக்கு அழைத்துப்போனாள். ஒரு பெரிய தொட்டி. அதில் அவள் கணவருக்கு அடியில் விரித்த துணிகள் மருந்து கலந்த தண்ணீரில் ஊறிக் கிடந்தன. குழாயில் மாட்டிய ரப்பர் டியூபின் மறுமுனை அந்தத் தண்ணீருக்குள் கிடந்தது.

"தண்ணி வரமாட்டேங்குது. எப்ப வந்தாலும் விழட்டும்னு குழாயைத் திறந்தே வச்சிருக்கேன். ஆனா வர்றதுக்குப் பதிலா..." அவள் தொட்டியைக் காட்டினாள். "பாருங்க. ஆரம்பிச்சிருச்சு."

ரப்பர் டியூப் லேசாகத் துடித்தது. யாரும் தொடவில்லை. தொட்டித் தண்ணீர் மெல்ல இறங்கியது. மடக் மடக். அக்காவின் நீண்ட நரைமுடி ஒன்று நீரில் சுழன்று வந்து டியூபின் வாய்க்குள் போய் மறைந்தது.

கணக்காளருக்கு அந்த நீலக் கோடு கண்முன் வந்தது. வட்டத்திலிருந்து அது இந்தப் பக்கமும் பிரிந்து, சுவரைத் தாண்டி, இந்தத் தொட்டியில் வந்து முடிந்தது. தெருக்குழாயில் தண்ணீர் இல்லாதபோது மோட்டார் இந்தத் தொட்டியைத்தான் உறிஞ்சுகிறது. இப்போதும் ஓடுகிறது. அப்படியென்றால் வீட்டில் ஷவர் திறந்திருக்கிறது.

ஐயோ, பிள்ளை!

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். குளியலறைக் கதவைத் தள்ளினார். ஷவருக்கு அடியில் குட்டிமா அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு நின்றாள். அவளை அப்படியே வாரி எடுத்துக்கொண்டு மோட்டார் சுவிட்சை அணைத்தார். சுவர் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

"துப்பு! துப்புடா கண்ணு! முழுங்கிடாதே!" என்று கதறினார். மனைவி ஒன்றும் புரியாமல் சோப்பும் கையுமாக நின்றாள்.

பின்னாலேயே ஓடிவந்த அக்கா வாசல்படியில் நின்றாள். அங்கே தெருக்குழாயோடு மாட்டியிருந்த மோட்டாரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அப்ப அது நீங்கதானா தம்பி?"

ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

குட்டிமா பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, கையில் ஊசி ஏறி, ஒருவழியாகப் பிழைத்து வந்தாள். வண்டி நின்ற இடத்தில் தரைத்தொட்டி வெட்டப்பட்டது. மோட்டாரைக் கழற்ற வந்த பிளம்பர் வழக்கம்போலத் தலையைச் சொறிந்தார்.

"உங்க நேரம் சார், இப்படி ஆயிடுச்சு. மத்தபடி ஊரே பண்ணுறதுதானே."

அப்பாவின் இடுப்பில் இருந்த குட்டிமா கேட்டாள். "சுவத்துக்குள்ள தண்ணி குடிச்சது யாருப்பா?"

"நான்தான்டா," என்றார் கணக்காளர். பிறகு பிளம்பர் பக்கம் திரும்பினார். "நேரமும் இல்ல, காலமும் இல்ல. தெருக்குழாய்ல மோட்டாரை வச்சு உறிஞ்சுறவன் அடுத்த வீட்டுத் தண்ணிய மட்டும் திருடல. அந்த வீட்டு அழுக்கையும் சேர்த்து இழுத்து, தன் பிள்ளை வாயில தானே ஊத்துறான். இனிமே எவன் வீட்லயாவது போய் 'ஊரே பண்ணுது'ன்னு சொல்றதுக்கு முன்னாடி, இவ கையில இருக்கிற ஊசித் தழும்ப ஒருதடவை பார்த்துட்டுப் போங்க."