மதகடி மரத்துக் கொட்டைகள்

முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்துக் கிராணியாக இருந்து, விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் வாசித்து, ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்ற நாலாம் நாளே எனக்கு ஓர் உண்மை விளங்கிவிட்டது. என் வீட்டில் எனக்கு வேலை இல்லை. அடுப்படி டின்களை உயரப்படி அடுக்கினேன். என் மனைவி இராசம்மா அவற்றைப் பழையபடி அடுக்கினாள். கோழிகளை வரிசையாகக் கூட்டில் அடைக்கப் பார்த்தேன். அவை என்னைத் துரத்தின.

"இஞ்சருங்கோ, என்ரை கோழியளைப் பெரட்டுக்கு நிப்பாட்ட வேண்டாம்," என்றாள் இராசம்மா. "வெளியிலை போய் ஏதும் பொழுதுபோக்குப் பாருங்கோ. காசு கேக்காததாய்ப் பாருங்கோ."

எங்கள் சின்ன ரயிலடி ஊரான லாயாங் லாயாங்கில் காசு கேட்காத பொழுதுபோக்கு என்ன கொட்டியா கிடக்கிறது? பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்திலிருந்து பெரியவர் ஒருவர் இரக்கப்பட்டு, கூவுவதற்கென்றே வளர்க்கும் ஒரு மெர்போக் புறா தந்தார். மூன்று வாரம் தினை தின்றதே தவிர, வாய் திறந்து ஒரு தடவை கூவவில்லை. திருப்பிக் கொடுத்த அன்றே அவர் வீட்டில் கூவியதாம். பிறகு ஸ்டேஷன் மாஸ்டரோடு சதுரங்கம் ஆடினேன். அவர் தோற்கப் போகிற நேரமாகப் பார்த்து ஒரு ரயில் வந்துவிடும். திரும்பி வரும்போது காய்கள் கலைந்திருக்கும். நல்ல மனுஷர்தான், ஆனால் அவரோடு விளையாட முடியாது. உண்மையைச் சொன்னால் எனக்கு வேண்டியிருந்தது விளையாட்டு இல்லை, விளையாட ஓர் ஆள். முப்பது வருஷம் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவனை இப்போது 'சோமசேகரம்' என்று கூப்பிட ஒருவரும் இல்லை.

ஒரு நாள் மத்தியானம் தோட்டத்து எல்லையோரம் நடந்துகொண்டிருந்தேன். பால் மரங்களில் காய் வெடிக்கும் காலம். 'டப்' என்று ஒரு சத்தம். என் தொப்பியில் ஒரு ரப்பர் கொட்டை விழுந்தது.

"அது மூணாவது நிரையில வளைஞ்சு நிக்குதே, அந்த மரத்துக் கொட்டைங்க," என்றது ஒரு குரல்.

மரத்தடியில் வீரமுத்து உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டதும் சட்டென்று எழுந்து தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். இருபத்தைந்து வருஷம் பால் வெட்டிய மனிதர். கண் மங்கியதும் பெரட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். இப்போது தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் மகளோடு இருக்கிறார். விடியற்காலைப் பெரட்டில் அவர் பெயரை நான் எத்தனை ஆயிரம் தடவை வாசித்திருப்பேன்! அதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு தடவை ஆற்றில் வெள்ளம் ஏறிய காலையில் கால் மணி பிந்தி வந்தார். அரைப் பேர் போட்டேன், அதாவது அன்று அவருக்கு அரை நாள் சம்பளம்தான். சட்டம் சட்டம்தான் என்றும் சொன்னேன். எனக்கு அது மறக்கவில்லை. அவருக்கு மறந்ததா என்று கேட்கத் துணிவு இல்லை.

"கொட்டையைப் பாத்து மரத்தைச் சொல்லுவியோ?" என்றேன்.

"ஒவ்வொரு மரத்துக்கும் ஒவ்வொரு புள்ளிங்க ஐயா. ஒரு மரம் போடுற கொட்டை எல்லாம் ஒரே சாடை." தரையிலிருந்து இன்னொரு கொட்டையை எடுத்துக் கண்ணருகே பிடித்து, கட்டை விரலால் தடவிக் காட்டினார். "இதோ, மதகடி மரம். பாக்கத்தான் லட்சணம். ஓடு நகத்துல கீறுனாலே ஒடையும்."

அன்றே ஆட்டம் தொடங்கிவிட்டது. லயத்துப் பிள்ளைகள் ஆடுவதுதான். ஒரு கொட்டையின் மேல் இன்னொன்றை வைத்து உள்ளங்கையால் ஓங்கி அடிக்க வேண்டும். எவன் கொட்டை உடைகிறதோ அவன் தோற்றான். இரண்டு கிழவர்கள் இப்படி ஆடினால் ஊர் சிரிக்குமே என்று முதலில் சுற்றுமுற்றும் பார்த்தேன். இரண்டாவது கொட்டை உடைந்ததும் ஊரை மறந்துவிட்டேன்.

நான் வென்றேன். மறுநாளும் வென்றேன். மூன்று வாரம் வென்றுகொண்டே இருந்தேன். ஸ்டேஷன் மாஸ்டரைத் தேடிப் போய்ச் சொன்னேன். இராசம்மாவிடம் தினமும் சொன்னேன். அவள் தினமும் "ஓம், ஓம்" என்றபடி மீன் கழுவினாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் அல்லவா? கிராணி புத்தி போகவில்லை. வெற்று நெருப்புப்பெட்டிகளைச் சேர்த்து, பெட்டிக்கு ஒரு மரம் என்று கொட்டைகளைப் பிரித்து, மேலே மரத்தின் பெயரை எழுதி வைத்தேன். வீரமுத்துவின் உடைந்த ஓடுகளையும் பொறுக்கி வந்து, வெற்றிச் சின்னமாக ஒரு தகரத்தில் போட்டேன்.

ஒரு காலையில், வேறு வேலை இல்லாததால், அந்த ஓடுகளையும் மரம் மரமாகப் பிரிக்க உட்கார்ந்தேன். ஒரு பெட்டிதான் தேவைப்பட்டது. எல்லாம் மதகடி மரம்.

அவமானத்தில் காது சுட்டது. ஒவ்வொரு மரத்தையும் விரலால் அறிந்த மனிதர், உடைகிற கொட்டையாகப் பார்த்துப் பொறுக்கி மூன்று வாரம் எனக்குப் பிச்சை போட்டிருக்கிறார்! இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் இராசம்மா கேட்டாள்: "ஏனப்பா, வெண்டு களைச்சுப் போனியளோ?" தகரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

வீரமுத்து அதே மரத்தடியில் இருந்தார். எழுந்தார், துண்டை எடுத்தார். ஓடுகளை அவர் காலடியில் கொட்டினேன்.

"இதென்ன விளையாட்டு? எனக்கு விட்டுக் குடுக்கச் சொல்லி நான் கேட்டனானோ?"

அவர் குனிந்து ஓர் ஓட்டை எடுத்துத் தடவினார். பொய் சொல்ல வழியில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ரெண்டு நாளா வரலியே, ஒடம்பு சரியில்லையோன்னு பயந்துட்டேன்," என்றார். பிறகு மெல்ல: "பெரிய மனுசங்க தோத்தா அடுத்த நாள் வரமாட்டாங்கய்யா. நீங்களும் வராம போயிட்டா, எனக்கு இங்க பேச யாரு இருக்கா? மக பால் வெட்டப் போயிடுது. கொட்டைதானே, ஒடஞ்சா ஒடஞ்சிட்டுப் போவுது."

எனக்குக் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. நான் வெல்ல வந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் நான் வரவேண்டும் என்று தோற்றுக்கொண்டிருந்தார். தோற்கும் நேரத்தில் ரயில் வரும் ஸ்டேஷன் மாஸ்டரின் நினைவும் வந்தது; நானும் அந்த ரகம் என்று இவர் முடிவு கட்டியிருக்கிறார். இருபத்தைந்து வருஷம் என்னைப் பார்த்தவர், வேறு என்ன நினைப்பார்?

"இரும். உம்மடை நல்ல கொட்டையை எடும்," என்றேன். "எடுக்காட்டித்தான் நான் நாளைக்கு வரமாட்டன்."

வீரமுத்து தரையில் உட்கார்ந்தார். பிறகு மடியை அவிழ்த்து, துணியில் சுற்றிய ஒரு கொட்டையை எடுத்தார். சின்னது, கறுத்தது, அழகே இல்லாதது. எந்த மரம் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றார்! முதல் தடவையாக எனக்கு ஒன்றை மறுத்தார்.

என் சட்டைப் பையில் பழைய ஆட்டத்துக் கொட்டைகள் பதினொன்று இருந்தன. பதினொன்றும் போயின. எட்டாவது உடைந்தபோது வீரமுத்து தொடையில் தட்டிச் சிரித்தார். பத்தாவதில், "அட அலமாக்! இதையெல்லாம் கொட்டைன்னு கொண்டாந்தீங்களா?" என்று கேலியே செய்தார்.

சிவந்த உள்ளங்கையோடு வீட்டுக்குள் நுழைந்தேன். "என்ன, பல்லெல்லாம் தெரியுது? இண்டைக்கும் வெற்றியோ?" என்றாள் இராசம்மா.

"தோத்துப்போனன்! பதினொண்டும் தோத்துப்போனன்!" என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மீனுக்குத் திரும்பினாள்.

மறுநாள் கடினமான கொட்டையாகத் தேடி மரம் மரமாக அலைந்ததில் கால் மணி பிந்திவிட்டது. ஓட்டமும் நடையுமாகப் போனேன். மரத்தடியில் வீரமுத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். எழவில்லை. துண்டும் தலையிலேயே இருந்தது.

"சோமசேகரம்!" என்றார், நான் பெரட்டில் கூப்பிட்ட அதே குரலில். "கால் மணி லேட்டு. அரைப் பேர்தான்."

"சட்டம் சட்டம்தான்," என்று சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.