ஜிஷாவுக்குச் சமர்ப்பணம்

வலது காலுறை ஏறவில்லை. விறைத்த குதிகாலை மடியில் வைத்து ஜிஷா இழுத்தாள். மூன்று மணிக்கு அடக்கம். அப்பாவுக்கு வெள்ளைக் காலுறை, வெள்ளைக் கையுறை, விரல்களில் ஜெபமாலை. கையுறை மாட்டும் முன் அவருடைய நடுவிரலைப் பார்த்தாள். பேனா அழுத்திய காய்ப்பு அப்படியே இருந்தது.

வெளியே தம்பி ஜோஸ், பள்ளித் தலைமையாசிரியர் சுருளிவேலோடு பேசிக்கொண்டிருந்தான். பிள்ளைகள் நாற்பது பேர் கல்லறைத் தோட்டத்தில் பாடுவார்கள் என்றார் அவர். பிள்ளைகளுக்காகப் பத்தொன்பது புத்தகம் எழுதியவருக்கு அதுதான் மரியாதை. எந்தப் பாட்டு என்று ஜிஷா கேட்கத் தேவையில்லை.

*மழையே இல்லை ஊரிலே
குருவிக் கூட்டில் வெள்ளமாம்*

அது அச்சில் வந்தபோது அவளுக்கு எட்டு வயது. பாயை நனைக்கும் பழக்கம் விடவில்லை. பன்னிரண்டு வயது வரை விடவில்லை. குருவி யாரென்று பாட்டில் இல்லை. புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்தது: 'என் மகள் ஜிஷாவுக்கு.' செபாஸ்டின் சார் மகள்மேல் பாசத்தில் போட்டது என்று தேயிலை எஸ்டேட்டில் சொன்னார்கள். லயத்து வரிசைவீட்டுப் பிள்ளைகள் அவளைக் குருவி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கல்யாணத்தன்று மலைக்குக் கீழே போடியில், மாப்பிள்ளையின் தம்பிமார் கட்டிலில் ரப்பர் ஷீட் விரித்து வைத்தார்கள். அப்பா சிரித்தார். தன் பாட்டு மலையிறங்கிவிட்டது என்றார்.

ஒவ்வொரு பதிப்பின்போதும் அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னாள். ஐந்து பதிப்பு வந்தது.

ஜெபமாலையைச் சுற்றிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"அந்தப் பாட்டு வேண்டாம் சார்."

சுருளிவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாப்பா, உங்கப்பா பேரே அதுலதான் நிக்கி."

"அவரு பேரு நிக்கட்டும். என் பேர எடுங்க."

"பாட்டுல உன் பேரு எங்க இருக்கு?"

"விடுக்கா," என்றான் ஜோஸ். "நாப்பது வயசுல இதுக்குப் போயி மல்லுக்கு நிக்க."

"உன் பேர்ல ஒண்ணு எழுதியிருந்தா தெரிஞ்சிருக்கும்டா."

"என் பேர்ல ஒண்ணுமே எழுதலயே," என்றான் அவன்.



கல்லறைத் தோட்டத்தில் மூடுபனி இறங்கியிருந்தது. பிள்ளைகளை ஒரு மணிக்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பூசை நீண்டு, பெட்டி வந்துசேர நான்கு ஆனது. சுருளிவேல் கையை உயர்த்தினார். பாடினார்கள். ஜிஷா பெட்டியின் பித்தளைப் பிடியையே பார்த்தாள்.

மூன்றாவது வரியில் குரல்கள் சிதறின. முன்வரிசைக் கடைசியில் யாரோ சிரித்தார்கள். அங்கே ஒரு சிறுமி கால்களை ஒட்டி வைத்து நின்றாள். காலுறை நனைந்து ஷூவைச் சுற்றி மண் கறுத்திருந்தது. பக்கத்தில் நின்றவள் விலகினாள்.

"குருவி," என்றது ஒரு குரல். பிறகு வரிசை முழுக்க அந்தச் சிறுமியைப் பார்த்தே பாடியது. சுருளிவேல் கையை நிறுத்தவில்லை.

பாட்டு முடிந்ததும் கடைசி முத்தத்துக்கு ஜனம் வரிசையில் நின்றது. அது முடிந்தால் மூத்த பிள்ளை வெள்ளைத் துணியால் முகத்தை மூட வேண்டும். ஜோஸ் துணியை நீட்டித் திரும்பினான். அக்கா அங்கே இல்லை.

கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், அடுப்பில் பாலில்லாத கட்டன்சாயா கொதித்துக்கொண்டிருந்தது. ஜிஷா தன் சால்வையைச் சிறுமியின் இடுப்பில் சுற்றி முடிந்தாள். பாவாடையைக் குழாயில் அலசினாள்.

"பேரென்ன?"

"ரிஞ்சு." பிறகு, "சார்ட்ட கேட்டேன். பாட்டு முடியட்டும்னாரு," என்றாள்.

ஜிஷா பாவாடையைப் பிழிந்து அடுப்புக்கு மேலே விரித்துப் பிடித்தாள்.

ஜோஸ் ஓடிவந்தான். கையில் துணி இருந்தது. "ஃபாதர் காத்துட்டு நிக்காருக்கா. எல்லாரும் பாக்காங்க."

"நீ மூடு."

"மூத்த பிள்ளதான மூடணும்."

"மூடுடா."

அவன் பாவாடையைப் பார்த்தான், சிறுமியைப் பார்த்தான். போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. இரண்டு, மூன்று. ஜிஷா பாவாடையை மறுபக்கம் திருப்பிப் பிடித்தாள்.